ஒரே லைனில் புரோகிராமரும் எஸ்டி கார்டும்: ஐஎஸ்பி பின்களைப் பகிர்ந்துகொள்வது எப்படி

ப்ரெட்போர்டில் தனியாக இருந்தவரை ஏடிமெகா328பி சிப் ஒழுங்காகப் புரோகிராம் ஆகிக்கொண்டிருக்கும். அதோடு எஸ்டி கார்டு மாட்யூலையும் ஒரு ரேடியோ மாட்யூலையும் சேர்த்துச் சால்டர் செய்துவிட்டு யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரைச் செருகினால், டார்கெட் (புரோகிராம் ஏற வேண்டிய சிப்) பதில் தரவில்லை என்று கணினியில் ஓடும் ஏவிஆர்டியூட் மென்பொருள் கைவிரித்துவிடும். கேபிளை மாற்றுவோம், டிரைவரை மறுபடி நிறுவுவோம், சிப்தான் செத்துவிட்டது என்று புதிது வாங்குவோம். இந்தச் சுற்று முழுவதும் எனக்கு அத்துப்படி. நீங்களும் அதில் மாட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் சிப்பிலும் கேபிளிலும் கோளாறு இருக்காது. ஏடிமெகா328பி போன்ற ஏவிஆர் குடும்பச் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றாமலேயே புரோகிராம் ஏற்றுவதுதான் ஐஎஸ்பி. அதற்கான மோசி (தலைமைச் சாதனம் அனுப்பும் தரவு), மிசோ (அதற்கு வரும் பதில்), எஸ்சிகே (கிளாக்) என்ற மூன்று எஸ்பிஐ பின்களில்தான் எஸ்டி கார்டு, ரேடியோ, ஈதர்நெட் எல்லாமே தொங்குகின்றன. இதில் புதியவர்கள் தவறவிடுவது ஒன்றே ஒன்றுதான். புரோகிராம் ஏறும் நேரம் முழுவதும் சிப் ரீசெட்டில் கிடக்கிறது. அதன் பின்கள் எல்லாம் மிதக்கின்றன. உங்கள் நிரலில் ஒரு வரிகூட ஓடவில்லை. சிஎஸ் என்பது ஒவ்வொரு மாட்யூலையும் தேர்ந்தெடுக்கும் பின், லோ என்றால் அந்த மாட்யூல் பேசும், ஹை என்றால் ஒதுங்கும். "நான்தான் முதல் வரியிலேயே சிஎஸ் பின்னை ஹை ஆக்கிவிட்டேனே" என்ற வாதம் அப்போது செல்லாது. மற்ற சிப்களை அந்த நேரத்தில் அடக்கி வைக்க ரெசிஸ்டர்தான் இருக்கிறது, வேறு யாரும் இல்லை.

கீழே உள்ளவை பெரும்பாலும் ஏவிஆர் சிப்களுக்கானவை. மற்றக் குடும்பங்களைப் பற்றிக் கடைசிக்கு முன் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் நான்கு ஆவணங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இலவசம்.

முதலாவது உங்கள் மைக்ரோகன்ட்ரோலரின் டேட்டாஷீட். முழுவதும் படிக்க வேண்டாம். மெமரி புரோகிராமிங் அத்தியாயத்தில் சீரியல் டவுன்லோடிங் என்ற பகுதி போதும். எந்தப் பின், எந்த வரிசை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

இரண்டாவது, ஏவிஆர் 042 என்ற எண்ணுள்ள ஹார்டுவேர் வடிவமைப்புக் குறிப்பு. அட்மெல் வெளியிட்டது. அட்மெலை 2016இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டதால் இப்போது மைக்ரோசிப் தளத்தில் தேட வேண்டும். எஸ்பிஐ லைன்களைப் புரோகிராமரோடு பகிர்வதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு.

மூன்றாவது, லைனில் சேரப் போகும் ஒவ்வொரு சிப்பின் டேட்டாஷீட். அதில் தேட வேண்டியது ஒரே வாக்கியம்: சிஎஸ் ஹையாக இருக்கும்போது டேட்டா அவுட் பின் ஹை இம்பீடன்ஸ் ஆகுமா (லைனை விட்டுவிட்டு மிதக்குமா)? ஆகும் என்றால் நல்ல சிப். அந்த வாக்கியமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

நான்காவது மாட்யூலின் சர்க்யூட் படம். இதைத்தான் யாரும் தேடுவதில்லை. சிப்பின் டேட்டாஷீட் ஒன்று சொல்லும், அதைச் சுமக்கிற மலிவு மாட்யூல் வேறொன்று செய்யும். 6ஆம் படியில் இது ஏன் என்று புரியும்.

2. எந்த லைனில் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று கோடு போடுங்கள். டிஐபி வடிவ ஏடிமெகா328பியில் மோசி 17ஆம் பின், மிசோ 18, எஸ்சிகே 19, ரீசெட் 1. ஆர்டுயினோ யூனோவில் அவையே டிஜிட்டல் 11, 12, 13. ஒவ்வொரு கோட்டிலும் வேறு யார் தொங்குகிறார்கள் என்று எழுதுங்கள். எல்இடி, டிரான்சிஸ்டர், பட்டன் எதையும் விடாதீர்கள்.

ஏடிடைனி85 வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அதில் ஐ2சி (இரண்டு கம்பியில் பேசும் முறை) வேலைக்கான எஸ்டிஏ, மோசி இருக்கும் அதே 5ஆம் பின்தான். எஸ்சிஎல், எஸ்சிகே இருக்கும் அதே 7ஆம் பின்தான். எஸ்பிஐ எதுவும் இல்லையே என்று நினைத்து ஒரு ஓஎல்இடி திரையை மாட்டியிருப்பீர்கள். அதுவும் புரோகிராமர் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறது. 4.7 கிலோ ஓம் புல் அப் (லைனைச் சப்ளைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) என்றால் புரோகிராமர் பொதுவாகச் சமாளித்துவிடும், பயம் வேண்டாம்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6 பின் ஹெடரில் வரிசை இப்படி: 1 மிசோ, 2 சப்ளை, 3 எஸ்சிகே, 4 மோசி, 5 ரீசெட், 6 கிரவுண்ட். 10 பின் ஹெடரில் 1 மோசி, 2 சப்ளை, 5 ரீசெட், 7 எஸ்சிகே, 9 மிசோ, 10 கிரவுண்ட். அந்த 10இல் 4, 6 ஆகிய இரண்டும் எல்லாப் புரோகிராமரிலும் கிரவுண்ட் அல்ல. அதனால் கிரவுண்டை 10ஆம் பின்னிலிருந்தே எடுங்கள்.

மோசி, எஸ்சிகே லைன்களில் ரிலே, மோட்டார், ஹீட்டர் எதையாவது மாட்டியிருந்தால் இப்போதே வேறு பின்னுக்கு மாற்றிவிடுங்கள். புரோகிராம் ஏறும்போது அந்த லைன்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். ரிலே படபடவென்று அடிக்கும், மோட்டார் தன்னால் சுழலும். இதற்கு ரெசிஸ்டரில் தீர்வு தேடாதீர்கள். பின்னை மாற்றுவதுதான் வழி.

3. செருகுவதற்கு முன் வோல்டேஜ்

மற்றத் தவறுகளில் பிழைச் செய்தி வரும். இதில் மாட்யூலே போய்விடும். அதனால்தான் முன்னால் வைத்திருக்கிறேன்.

யூஎஸ்பிஏஎஸ்பியில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் இருக்கும். கடைகளில் கிடைக்கும் பல நகல்களில் அந்த ஜம்பர் சப்ளை பின்னை மட்டுமே மாற்றும். புரோகிராமருக்குள் இருக்கும் சிப் 5 வோல்ட்டிலேயே ஓடும், ஆகவே மோசியிலும் எஸ்சிகேயிலும் 5 வோல்ட்டே வரும். 3.3 வோல்ட்டில் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் எஸ்டி கார்டையோ 3.3 வோல்ட் ஃப்ளாஷ் சிப்பையோ நேரடியாக அந்த லைனில் விட்டிருந்தால் அவற்றின் உள்ளீட்டுப் பின்கள் அடி வாங்கும். என்ஆர்எஃப்24எல்01 ரேடியோவின் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும், ஆனால் அதன் சப்ளை 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சோதிப்பது சுலபம். போர்டை மாட்டாமல், புரோகிராமரின் மோசி பின்னில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டு, ஏவிஆர்டியூட்டை ஓடவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். ஆனாலும் எந்த நொடியிலாவது 3.3க்கு மேல் போனால் விடை கிடைத்துவிட்டது. லாஜிக் அனலைசரோ ஆசிலோஸ்கோப்போ இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

5 வோல்ட் என்றால் 3.3 வோல்ட் சிப்புக்குப் போகும் ஒவ்வொரு லைனிலும் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் கொண்ட டிவைடர் போடுங்கள். 5 வோல்ட் 3.33 ஆகிவிடும். அல்லது சிப்பையும் சேர்த்து முழுப் போர்டையும் 3.3இல் ஓட்டி, சிக்னலையும் உண்மையிலேயே 3.3இல் தரும் புரோகிராமரை வாங்குங்கள்.

சப்ளையில் இன்னொரு பொறி. புரோகிராமரின் சப்ளை பின்னால் முழுப் போர்டுக்கும் கரண்ட் கொடுக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர். சிம்800எல் மாதிரி ஜிஎஸ்எம் மாட்யூல் இருந்தால் அது அவ்வப்போது ஒரு கணத்துக்கு 2 ஆம்பியர் வரை கேட்கும். போர்டுக்கு அதன் சொந்த சப்ளையைக் கொடுத்து, புரோகிராமரிலிருந்து கிரவுண்டையும் சிக்னல்களையும் மட்டும் எடுங்கள். போர்டின் ஒரு பகுதிக்கு மட்டும் கரண்ட் இருந்து, மற்றப் பகுதி அணைந்து கிடப்பதும் ஆகாது. அணைந்த சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் வழியே சிக்னல் கசிந்து, லைனையே கீழே இழுத்துவிடும்.

4. ஒவ்வொரு சிஎஸ் பின்னுக்கும் ஒரு 10 கிலோ ஓம்

இந்த ஒரு படியே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். சிப் ரீசெட்டில் இருக்கும்போது சிஎஸ் லைன்கள் அந்தரத்தில் தொங்கும். கையை அருகில் கொண்டுபோனால்கூட அவை லோ ஆகலாம். லோ ஆன நொடியில் ரேடியோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மிசோவில் பேச ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு சிஎஸ் பின்னிலிருந்தும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை சப்ளைக்குப் போடுங்கள். எந்த சப்ளை? அந்தச் சிப் ஓடும் சப்ளை. ரேடியோ 3.3இல் ஓடினால் புல் அப்பும் 3.3க்கே.

எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு புல் அப் போடவும் கூடாது. என்ஆர்எஃப்24எல்01இல் சிஎஸ்என் பின்னுக்குப் புல் அப், சிஇ பின்னுக்குப் புல் டவுன். இல்லையென்றால் புரோகிராம் ஏறும் நேரத்தில் ரேடியோ விழித்துக்கொள்ளும். 74எச்சி595 ஷிஃப்ட் ரிஜிஸ்டர் என்றால் லாட்ச் பின்னுக்குப் புல் டவுன், அவுட்புட் எனேபிள் பின்னுக்குப் புல் அப். அந்த லாட்ச் ஒருமுறை லோவிலிருந்து ஹைக்கு ஏறினாலும் புரோகிராமர் அனுப்பிய பிட்டுகள் அப்படியே வெளிப் பின்களில் வந்து நிற்கும். அங்கே ரிலே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

5. தொடர் ரெசிஸ்டர்: எங்கே, எவ்வளவு

ஏவிஆர் 042 குறிப்பு சொல்லும் வழி, பகிரும் லைன்களில் தொடராக ரெசிஸ்டர் போடுவது. அது காட்டும் மதிப்பு 330 ஓம். மதிப்பை விட அது எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

புரோகிராமருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் நடுவே ரெசிஸ்டர் வரக் கூடாது. அவர்கள் இருவரும் நேரடியாகப் பேச வேண்டும். ரெசிஸ்டர் அந்த இருவருக்கும் மற்ற சிப்புக்கும் நடுவே வர வேண்டும். தாளில் வரைந்தால்: ஐஎஸ்பி ஹெடரிலிருந்து கோடு நேரே மைக்ரோகன்ட்ரோலர் பின்னுக்கு. அந்தப் பின்னிலிருந்து ரெசிஸ்டர். ரெசிஸ்டருக்கு அப்பால் எஸ்டி கார்டும் ரேடியோவும்.

கணக்கு எளிது. இருவர் எதிரெதிராக லைனைப் பிடித்து இழுத்தால் 330 ஓமில் 5 வோல்ட்டுக்கு 15 மில்லிஆம்பியர் ஓடும். 1 கிலோ ஓமில் 5 மில்லிஆம்பியர். ஏடிமெகாவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர், ஆகவே இரண்டிலும் சேதமில்லை. ஆனால் மதிப்பு கூடக் கூடச் சிக்னலின் முனை மழுங்கும். 1 கிலோ ஓமும் லைனின் 30 பிகோஃபாரடும் சேர்ந்தால் 30 நானோவினாடி. 8 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் ஒரு அரைச் சுற்றே 62.5 நானோவினாடிதான். 4.7 கிலோ ஓம் போட்டால் புரோகிராம் ஜோராக ஏறும், எஸ்டி கார்டு வேலை செய்யாது. அப்புறம் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். வேகமான எஸ்பிஐ என்றால் 330. 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சென்சார் என்றால் 1 கிலோ ஓம் போதும்.

மூன்று லைனிலும் போடுவதுதான் முறை. இடமே இல்லை, ஒன்றுதான் போட முடியும் என்றால் மிசோவில் போடுங்கள். மோசியும் எஸ்சிகேயும் மற்ற சிப்களுக்கு உள்ளீடுகள். அங்கே எதிர்த்து இழுக்க ஆள் குறைவு. சண்டை நடக்கும் இடம் மிசோ.

6. மிசோவை விடாத மாட்யூல்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இது. மைக்ரோ எஸ்டி மாட்யூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் 14 கால்கள் உள்ள சின்னக் கறுப்பு ஐசி இருக்கும். அதன் முதுகில் எல்விசி125ஏ என்று எழுதியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். அது ஒரு பஃபர், அதாவது சிக்னலை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளும் சிப். 5 வோல்ட்டை 3.3க்கு இறக்கித் தர வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எனேபிள் பின். பல மலிவு மாட்யூல்களில் அந்த எனேபிள் பின்கள் எல்லாவற்றையும் கிரவுண்டில் கட்டி, வழிகளை எப்போதும் திறந்தே வைத்துவிடுகிறார்கள். விளைவு, கார்டு மிசோவை விட்டுவிட்டாலும் பஃபர் விடாது. சிஎஸ் ஹையாக இருந்தாலும் சரி, கார்டே சாக்கெட்டில் இல்லாவிட்டாலும் சரி, அது மிசோவைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

"கார்டைக் கழற்றிவிட்டுத்தான் புரோகிராம் போடுகிறேன், அப்படியும் வரவில்லை" என்பவர்களுக்கு இதுதான் பதில். லைனைப் பிடித்திருப்பது கார்டு அல்ல.

புரோகிராமர் ஆரம்பத்தில் அனுப்பும் கட்டளையின் இரண்டாவது பைட் ஹெக்ஸில் 53. ஏவிஆர் அதே 53ஐ அடுத்த பைட் நேரத்தில் மிசோவில் திருப்பிச் சொல்ல வேண்டும். பஃபர் லைனை ஹையில் பிடித்திருந்தால் அந்த 53 சிதைந்துவிடும். உடனே டார்கெட் பதில் தரவில்லை என்ற செய்தி. சில போர்டுகளில் அந்த 53 தப்பித்து வந்துவிடும், ஆனால் சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். அதுவும் இதே நோய்தான்.

தீர்வு மூன்று. மாட்யூலின் மிசோ காலில் தொடராக 1 கிலோ ஓம் போட்டால் ஏவிஆர் அதை மீறிப் பேசிவிடும், புரோகிராம் ஏறும். ஆனால் இதே லைனில் ரேடியோவும் இருந்தால் இது பாதித் தீர்வுதான். ரேடியோவுக்கும் தொடராக 1 கிலோ ஓம் இருக்கிறது, பஃபருக்கும் இருக்கிறது என்று வையுங்கள். ரேடியோ லோ சொல்லும், பஃபர் ஹை சொல்லும், நடுவே 1.65 வோல்ட் நிற்கும். புரோகிராம் ஏறிய போர்டில் ரேடியோ ஊமையாக இருக்கும்.

இரண்டாவது, மாட்யூலுக்கு வெளியே ஒரே ஒரு வழி கொண்ட 74எல்விசி1ஜி125 பஃபரை 3.3 வோல்ட்டில் மிசோவின் குறுக்கே வைத்து, அதன் எனேபிள் பின்னைச் சிஎஸ்ஸில் கட்டுவது. இதுதான் சரியான வைத்தியம். சிஎஸ் ஹை என்றால் அது லைனை விட்டுவிடும்.

மூன்றாவது, 3.3 வோல்ட்டிலேயே ஓடும் போர்டு என்றால் பஃபர் இல்லாத, சாக்கெட் மட்டும் உள்ள மாட்யூலை வாங்குவது. விலையும் குறைவு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எஸ்டி கார்டு சிஎஸ் ஹை ஆனவுடன் லைனை விடாது. அதற்குப் பிறகு இன்னும் 8 கிளாக் துடிப்பு வந்தால்தான் விடும். நிரலில் சிஎஸ்ஸை ஹை ஆக்கிய பின் ஒரு வெற்று பைட் அனுப்பிவிடுங்கள்.

ஈதர்நெட்டிலும் இதே கதை உண்டு. டபிள்யூ5100 சிப் சிஎஸ் ஹையாக இருந்தாலும் மிசோவை விடாது, அதற்கென்று இருக்கும் எஸ்பிஐ எனேபிள் பின்னையும் கவனிக்க வேண்டும். டபிள்யூ5500இல் இந்தத் தொல்லை இல்லை. இன்று புதிதாக வாங்குபவர் 5500ஐயே வாங்கலாம்.

7. ரீசெட் லைனைத் தனியாக விடுங்கள்

10 கிலோ ஓம் புல் அப் போதும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்குப் போடுபவர்கள் உண்டு. 10 கிலோ ஓமோடு சேர்ந்து அது ரீசெட்டை 100 மில்லிவினாடி தள்ளிப்போடும். 100 நானோஃபாரடுக்கு மேல் போகாதீர்கள். டீபக்வயர் (ரீசெட் பின் வழியே பிழை தேடும் வசதி) பயன்படுத்துவதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

வோல்டேஜ் சூப்பர்வைசர் ஐசி (சப்ளை குறைந்தால் ரீசெட் செய்யும் சிப்) வைப்பவர்கள், அதன் வெளியீடு ஓப்பன் டிரெயினா, அதாவது லோவாக மட்டும் இழுக்குமா என்று பாருங்கள். மேக்ஸ்809 ஹையாகவும் தள்ளும், புரோகிராமர் லோவாக இழுக்கும்போது எதிர்க்கும். மேக்ஸ்803 ஓப்பன் டிரெயின், அது சண்டைக்கு வராது.

ரீசெட் பின்னைச் சாதாரணப் பின்னாக மாற்றும் ஃபியூஸ் (சிப்புக்குள் சேமிக்கப்படும் அமைப்பு பிட்) ஒன்று இருக்கிறது. ஏடிடைனி85இல் பின் போதவில்லை என்று அதைத் தொட ஆசை வரும். தொட்டால் ஐஎஸ்பி கதவு சாத்திக்கொள்ளும். பிறகு 12 வோல்ட் ஹை வோல்டேஜ் புரோகிராமர் இருந்தால்தான் உள்ளே போக முடியும்.

8. மல்டிமீட்டர் சோதனை

புரோகிராமரை எடுத்துவிடுங்கள். போர்டுக்கு சப்ளை கொடுங்கள். ஒரு ஜம்பர் வயரால் ரீசெட்டைக் கிரவுண்டில் வையுங்கள். இப்போது போர்டு புரோகிராம் ஏறும் நிலையில் இருப்பது போலவே இருக்கிறது.

ஒவ்வொரு சிஎஸ் பின்னையும் அளங்கள். சப்ளைக்கு அருகில் நிலையாக நிற்க வேண்டும். 0.4, 1.1, 0.7 என்று அலைந்தால் அங்கே புல் அப் இல்லை, அல்லது சால்டர் பிடிக்கவில்லை.

அடுத்து மிசோ. ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை மிசோவில் வைத்து, மறு காலை முதலில் கிரவுண்டில் தொடுங்கள். மீட்டர் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு சப்ளையில் தொடுங்கள், மீட்டர் சப்ளைக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் லைன் காலியாக இருக்கிறது. கிரவுண்டில் தொட்டும் 3 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் யாரோ பிடித்திருக்கிறார்கள். மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் விழுகிறதோ அதுதான் ஆள். மாட்யூலில் ஏற்கெனவே 1 கிலோ ஓம் தொடர் போட்டிருந்தால் 3.0 வோல்ட் காட்டும். அது புரோகிராமுக்குத் தடையில்லை.

இந்தச் சோதனைக்குப் பிறகும் பிழை வந்தால் மட்டும் ஃபியூஸ், கிரிஸ்டல் பக்கம் போங்கள். கிளாக் ஃபியூஸ் தவறானாலும் இதே செய்திதான் வரும். சிப்பைக் கழற்றித் தனி ப்ரெட்போர்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பேசவில்லையென்றால் லைன் பகிர்வு காரணமில்லை.

9. வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்

புதிய ஏடிமெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது. எஸ்சிகே அதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியின் வழக்கமான வேகம் 375. ஆகவே லைனில் எதுவுமே இல்லாவிட்டாலும் முதல்முறை தோற்கலாம். ஏவிஆர்டியூட்டில் பி விருப்பத்துக்கு 10 கொடுங்கள், சுமார் 94 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். எஸ்சிகே வேகத்தை மாற்ற முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் புரோகிராமரின் ஃபர்ம்வேர் பழையது. அப்போது ஜேபி3 ஜம்பரைப் போட்டால் 8 கிலோஹெர்ட்ஸ் ஆகும்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு பைட்டுக்கும் 4 பைட் கட்டளை போகிறது. 32 கிலோபைட் முழுவதும் எழுத 375இல் சுமார் 3 வினாடி, 94இல் 11 வினாடி, 8இல் 2 நிமிடத்துக்கு மேல். சரிபார்க்க இன்னொரு அதே அளவு. யூஎஸ்பி தாமதம் தனி. மெதுவாகப் போகிறது என்று நடுவில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

இன்னொன்று. ஐஎஸ்பி வழியே ஏற்றும்போது சிப் முழுவதும் அழிந்துதான் எழுதப்படும். ஆர்டுயினோ பூட்லோடர் (யூஎஸ்பி வழியே நிரல் ஏற்ற உதவும் சிறு நிரல்) போய்விடும். ஈஈபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) சென்சார் அளவீட்டுத் திருத்தங்களைச் சேமித்திருந்தால், அதைக் காக்கும் ஃபியூஸ் போடாவிட்டால் அவையும் போய்விடும். முதலில் படித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. ரெசிஸ்டர் போதாதபோது

லைனில் நான்கைந்து சிப்கள், நீளமான கேபிள் என்றால் 74எச்சி126 ஒன்றை வையுங்கள். 125க்கு எனேபிள் லோவில் வேலை செய்யும், 126க்கு ஹையில். 126இன் எனேபிள் பின்களை ரீசெட் லைனிலேயே கட்டிவிட்டால், புரோகிராமர் ரீசெட்டை லோ ஆக்கியதும் மற்ற சிப்கள் எல்லாம் தாமாகவே துண்டிக்கப்படும். சிஎஸ் புல் அப்களை அப்போதும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு போர்டு, வருடத்துக்கு ஒருமுறை புரோகிராம் என்றால் மிசோவில் ஒரு ஜம்பர் போதும், கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

11. வேறு சிப் வைத்திருப்பவர்களுக்கு

பிக்16எஃப்877ஏ கல்லூரி லேபுகளில் அதிகம். அதில் புரோகிராம் ஏற்றும் பின்களான பிஜிசி 39ஆம் பின், பிஜிடி 40. இவற்றில் கெப்பாசிட்டர் வேண்டாம், பலமான புல் அப் வேண்டாம். ரீசெட்டான 1ஆம் பின், எம்சிஎல்ஆரில், புரோகிராம் ஏறும்போது சுமார் 13 வோல்ட் வரும். அதை நேரடியாக சப்ளையில் கட்டியிருந்தால் அந்த 13 வோல்ட் போர்டு முழுவதும் பாயும். நடுவில் 10 கிலோ ஓம் கட்டாயம்.

ஆர்டுயினோ யூனோவில் 0, 1 பின்களில் ப்ளூடூத் அல்லது ஜிபிஎஸ் மாட்டியிருப்பவர்களுக்கு ரெசிஸ்டர் உதவாது. யூஎஸ்பி சிப்புக்கும் ஏடிமெகாவுக்கும் நடுவே ஏற்கெனவே 1 கிலோ ஓம் இருக்கிறது. அதனால் ஜிபிஎஸ் ஜெயிக்கும், அப்லோட் தோற்கும். ஜிபிஎஸ் பக்கம் 10 கிலோ ஓம் போட்டால் அப்லோட் ஏறும், ஆனால் ஓடும்போது யூஎஸ்பி சிப்பே லைனைப் பிடித்திருப்பதால் ஜிபிஎஸ் கேட்காது. ஜம்பர் போட்டுக் கழற்றுங்கள், அல்லது சாஃப்ட்வேர் சீரியலில் வேறு பின்களுக்கு மாற்றுங்கள்.

ஈஎஸ்பி32இல் ஜிபிஐஓ 0, 2, 12 ஆகியவற்றில் வெளிச் சிப் எதையும் வைக்காமல் தவிர்ப்பது நல்லது. 12ஆம் பின் பவர் வரும்போது ஹையாக இருந்தால், ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போய் போர்டு எழவே எழாது. எஸ்டிஎம்32இல் புரோகிராமர் பேசும் பின்களான பிஏ13, பிஏ14 இரண்டையும் நிரலில் வேறு வேலைக்கு மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் ரீசெட்டைப் பிடித்தபடி கனெக்ட் செய்யும் வழிதான் மிச்சம், அதற்கு ரீசெட் பின்னும் ஹெடரில் இருக்க வேண்டும்.

12. செலவும், போர்டு ஆர்டர் செய்யும் முன் பார்க்க வேண்டியதும்

கால் வாட் ரெசிஸ்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், ஒன்றுக்கு ஒரு ரூபாய் கணக்கில்கூட வராது. 330 ஓம், 1 கிலோ, 10 கிலோ மூன்றிலும் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். யூஎஸ்பிஏஎஸ்பி நகல் நான் பார்த்தவரை சில நூறு ரூபாய். எட்டு சேனல் லாஜிக் அனலைசர் அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் 53 திரும்பி வருகிறதா என்று கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. கையில் ஒரு யூனோ இருந்தால் அதையே ஆர்டுயினோ ஐஎஸ்பியாக்கலாம், செலவு பூஜ்யம். அந்த யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போடுங்கள், இல்லையென்றால் அது தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். இது புரோகிராமராக இருக்கும் யூனோவுக்குத்தான். 7ஆம் படியில் வேண்டாம் என்றது டார்கெட் போர்டுக்கு.

உண்மையான செலவு பிசிபியில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் போர்டில் ஒரு ரெசிஸ்டருக்கு இடம் விடவில்லையென்றால், மறுபடி ஆர்டர், மறுபடி கப்பல் செலவு, மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு. அதனால் மூன்று எஸ்பிஐ லைன்களிலும், ஒவ்வொரு சிஎஸ்ஸிலும், இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும் ரெசிஸ்டருக்கு இடம் விட்டுவிடுங்கள். வேண்டாத தொடர் இடத்தில் 0 ஓம் போட்டால் கம்பி மாதிரி ஆகிவிடும். வேண்டாத புல் அப் இடத்தைக் காலியாக விடலாம். ஐஎஸ்பி ஹெடரை மைக்ரோகன்ட்ரோலருக்கு அருகில் வையுங்கள், ஒன்றாம் பின்னுக்குப் புள்ளி போடுங்கள். கோப்பை அனுப்புவதற்கு முன், 8ஆம் படியில் சொன்ன சோதனையை ப்ரெட்போர்டிலேயே அதே மாட்யூல்களோடு ஒருமுறை செய்துவிடுங்கள். அதே கடையில் வாங்கிய அதே மாட்யூலாக இருக்கட்டும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு மாட்யூல்களில் ஒன்றில் எல்விசி125ஏ இருக்கும், மற்றதில் இருக்காது.